முன்னால் நடந்தவன்

"அத்தே, பேரை மட்டும் வாயில எடுத்துடாதீங்க! தொடவும் வேணாம். விழுந்தா அப்புறம் எந்திரிக்காது!"

பாலிங்கி கையை நீட்டித் தடுத்துவிட்டான். இந்தோ ரூருவின் நுனிநாக்குவரை வந்துவிட்ட 'லெபாங்' என்ற பெயர் திரும்பவும் தொண்டைக்குள் இறங்கியது.

பத்தடி தள்ளி, தலைமுதல் முழங்கால்வரை கறுப்புத் துணி போர்த்திய உருவம் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த அகலத் தோளை யாருக்குத்தான் அடையாளம் தெரியாது?

எங்கள் தொராஜா மலையில் இது நடக்காத காரியமில்லை. வெளியூரில் செத்தவனை மந்திரம் சொல்லி எழுப்பி, அவன் காலாலேயே ஊருக்கு நடத்தி வருவார்கள். முன்னோர் கிடக்கும் பாறைக் குகைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த உயிருக்குப் போக்கிடம் ஏது? வழியில் எவராவது பெயர் சொன்னாலோ தொட்டாலோ போச்சு, அந்த இடத்திலேயே கட்டை சாய்ந்துவிடும். இந்தோ ரூரு இதையெல்லாம் கேள்விப்பட்டதுதான். கண்ணால் பார்க்கவில்லையே என்ற குறை இன்று காப்பித் தோட்டத்து ஓரத்தில், பட்டப்பகலில் தீர்ந்தது.

"எப்படா ஆச்சு?" குரலைத் தாழ்த்தினாள்.

"நாலு நாளாச்சு. டச்சுக்காரன் ரோடு போடுற இடத்துல ரெண்டு பேருக்கும் ஒண்ணா காய்ச்சல். ஒரே பாயில கிடந்தோம்."

"நீங்க எப்படா ரெண்டு பாயில கிடந்தீங்க?"

பாலிங்கி சிரித்தான். இந்தக் குத்தலெல்லாம் அவனுக்குப் பழசு. இவர்கள் இருவரும் ஒரு வீட்டில் குடியிருந்த ஆறு வருஷமும் ஊருக்கு வேறு பேச்சே கிடையாது. அந்தப் பேச்சில் பாதி இந்தோ ரூருவின் கைங்கரியம்.

"சரி, மந்திரம் யாரு சொன்னது? உனக்கு ஒழுங்கா ஒரு கோழி விரட்டத் தெரியாதே."

"நான் எங்க சொன்னேன்? அது அவன் வம்சத்து வித்தை. காய்ச்சல் விட்டுக் கண்ணைத் தொறந்தேன், தலைமாட்டுல நின்னுக்கிட்டு இருந்தான். பேச்சுக் கொடுத்தேன், வாயே தொறக்கல. கையைப் பிடிக்கப் போனேன், விலகிட்டான். அப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு. அவன் பாட்டுக்கு ஊர்ப்பக்கம் நடக்க ஆரம்பிச்சான். நான் பின்னாலயே வந்துட்டேன்."

"அழுதியா?"

"அழுகைதான் அத்தே வரமாட்டேங்குது. கண்ணு காஞ்சு கிடக்கு."

கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துக்கொண்டே இந்தோ ரூரு உருவத்தின் கால்களை நோட்டம் விட்டாள்.

"அய்யய்யே, கெண்டைக்கால்ல ரெண்டு அட்டை, கத்திரிக்காயாட்டம் பெருத்துத் தொங்குது! பொணத்தைக்கூட விடாது போல."

"என்னை ஒண்ணுகூடக் கடிக்கல."

"உன் ரத்தம் கசக்கும்டா."

தன் மதியச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். பாலிங்கி தலையை ஆட்டினான்.

"வேணாம் அத்தே. எதுவும் இறங்கல."

இந்தோ ரூருவின் கண்கள் விரிந்தன. புருஷன் செத்தால் சடங்கு முடியும்வரை பெண்டாட்டி அரிசிச் சோறு தொடக் கூடாது.

"அப்ப நீதான் பொண்டாட்டியா? இது தெரியாம ஊரே மண்டையை உடைச்சுக்கிட்டுதேடா!"

"ஏதோ ஒண்ணு. பாறையில வைக்கிறவரைக்கும் அவன் பக்கத்துல நான்தான் உக்காருவேன்."

"அவங்கம்மா விடுவாளா? உங்க ரெண்டு பேரையும் ஊரைவிட்டுத் தொரத்தினதே அந்த மகராசிதானே?"

"அடிச்சாலும் உக்காருவேன். ரோட்டோரத்துல குழி வெட்டி மூடியிருப்பாங்க அத்தே. அவனை அப்படி அநாதையா விட எனக்கு மனசு வருமா? மூணு நாளா பேரு சொல்லிக் கூப்பிடாம வந்திருக்கேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தூக்கத்துலகூடச் சொல்லிடுவேனோன்னு பயந்து தூங்கவே இல்ல."

கறுப்புத் துணிக்குள் அந்தத் தோள்கள் குலுங்கின. காற்றுதான் என்று இந்தோ ரூரு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காப்பிச் செடியில் ஓர் இலைகூட அசையவில்லை.

உருவம் நடக்கத் தொடங்கியது. பாலிங்கியும் கும்பிட்டுவிட்டுப் பின்னால் போனான். ஒருவன் முன்னே, ஒருவன் பின்னே. உழவுக்குப் போகும்போதும் இப்படித்தான் போவார்கள். இவள் வேலியோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. பாவம், எந்தப் பெண்டாட்டி புருஷனுக்காக இப்படி நடந்தாள்? அந்தக் கிழவி வாசலிலேயே விளக்குமாற்றை எடுத்தால் இவன் எங்கே போவான்? ஆறு வருஷம் பேசிய வாய்க்கு ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லத் தோன்றியது. மற்ற ஆம்பிளையாக இருந்தால் இன்னாரின் அப்பா என்று பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். இவனுக்குப் பிள்ளை ஏது? செத்தவன் பெயர் வாயில் வந்துவிடாமல் வெகு ஜாக்கிரதையாகக் குரல் கொடுத்தாள்.

"ஏ பாலிங்கி! அவ உள்ள விடலேன்னா நம்ம வீட்டுக்கு வாடா!"

பாலிங்கி திரும்பினான். முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு, வெட்டிய வாழைபோல் பாதையில் சாய்ந்தான்.

கறுப்புத் துணியை வீசியெறிந்துவிட்டு ஓடிவந்த லெபாங், அவனை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு மூன்று நாள் அடக்கிவைத்த குரலில் கதறினான்.

"என்ன அத்தே பண்ணிட்டீங்க! நான்தான் செத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டுத்தானே அவன் இம்புட்டுத் தூரம் நடந்து வந்தான்!"