திருப்பி வைத்த சீட்

பாரிசின் விளிம்பில் இருக்கும் எங்கள் ரயில் நிலைய வாசலில் நவம்பர் பனி இன்னும் விலகவில்லை. ரயிலிலிருந்து இறங்கியவர்கள் பொது சைக்கிள்களை ஆளுக்கொன்றாக இழுத்துப் போய்விட, கடைசியாக ஒன்று மட்டும் நிற்கிறது. அதன் சீட் பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பழுது, தொடாதே. வருகிறவர்கள் ஒரு பார்வை பார்த்து, அலுத்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடக்கிறார்கள். என் காப்பிக் கடை ஆவிக்குப் பின்னாலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரவு வேலை முடித்த நர்ஸ் சொலீன் படியேறி வந்து நேராக அதனிடம் போகிறாள்.

“மேடம், அது ரிப்பேருங்க. சீட்டைப் பாருங்க,” என்கிறார் டை கட்டிய ஒருவர்.

“அடடா, அப்படியா!” என்று முகத்தைச் சுளிக்கிறாள். அவர் பஸ்ஸுக்கு ஓடியதும் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள்.

“உன் புருஷன் இப்பத்தான் சீட்டைத் திருப்பி வெச்சுட்டு ரயிலுக்கு ஓடினான்,” என்கிறேன். “ஒருநாள் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் போட்டுக் கொடுக்கப் போறேன், பாரு!”

“கொடேன்! வாரம் பூரா நாங்க ரெண்டு பேரும் சந்திக்கிற இடம் இது ஒண்ணுதான்.”

சீட்டை நேராக்குகிறாள். தன் உயரத்துக்கு இறக்குகிறாள். ஏறுவதற்கு முன் கையுறையைக் கழற்றி அதன்மேல் உள்ளங்கையை வைக்கிறாள்.

“இன்னும் சூடாத்தான் இருக்கு.”