இக்கரைக்காரன்

பெட்டிகளைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள் என் மனைவி.

"கடைசியாக் கேக்கறேன். வர்றீங்களா, நான் மட்டும் போகவா?"

சண்டைக்குக் காரணம் எங்கள் ஊருக்கும் அவள் ஊருக்கும் நடுவில் ஓடும் ஆறு. அக்கரையில் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து தனியாகக் கிடக்கிறார். லிஃப்ட் இல்லாத எங்கள் மூன்றாவது மாடிக்கு அவரால் ஏற முடியாது. நாங்கள்தான் அங்கே குடிபோக வேண்டும்.

"எங்க ஊரை விட்டுட்டு மாமனார் வீட்ல போய் உக்காரவா? ஆத்தைத் தாண்டி எங்க பரம்பரையிலயே யாரும் குடிபோனதில்ல!"

பரம்பரை என்றால் நானும் அப்பாவும்தான். இந்த வீட்டை வாங்கியதே அவர்தான். ஆபீஸில் எனக்கு 'ஊர்ப்பெருமை' என்று பட்டப்பெயர். பாராட்டுகிறார்கள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஆதாரத்தோடு பேசுவோம் என்று, ஆவணக் காப்பகத்தில் நகலெடுத்து வந்த நூறு வருஷத்துப் பழைய வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். மேடு பள்ளம் காட்டும் சுருள் கோடுகள், நீலமாக ஆறு, ஆளுக்கொரு கரையில் இரண்டு சின்ன ஊர்கள். இன்றைக்கு அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கும் இடமெல்லாம் அதில் வெறும் வயலும் தோப்பும்.

"பாரு. இது எங்க ஊர், அது உங்க ஊர். அப்பவே தனித்தனி!"

அவள் குனிந்து பார்த்தாள். "நம்ம வீடு எங்க?"

"தோ, இந்தப் பாறைக்குன்று இருக்குல்ல? அதுக்கு அடியிலதான் நம்ம தெரு."

"ஆறு ஏன் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது? இப்ப நேராத்தானே ஓடுது?"

"வெள்ளம் வருதுன்னு பின்னாடி வேற பக்கமா வெட்டி நேராக்கினாங்க," என்றேன், எல்லாம் தெரிந்தவன் தோரணையில்.

அவள் விரல் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், குன்றைச் சுற்றி வளைந்து, சட்டென்று நின்றது. சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து, நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன்.

ஆற்றின் பழைய போக்கில், குன்றும் எங்கள் தெருவும் மாமனார் ஊர்க் கரையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

வரைபடத்தைச் சுருட்டினேன். வாசலுக்குப் போய், இருப்பதிலேயே கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். மாமனாரை எப்படி நிமிர்ந்து பார்ப்பது என்றுதான் யோசனை.

மற்ற பெட்டியை எடுத்தபடி அவள் சொன்னாள்:

"கூச்சப்படாம வாங்க. இத்தனை வருஷமா வீட்டோட மாப்பிள்ளையாத்தானே இருந்திருக்கீங்க!"