கன்டினியூட்டி

"ஒரு ஆள் இருந்தாங்களா இல்லையா? இருந்தவங்களை இருந்ததே இல்லைன்னு சொன்னா உனக்குக் கோபம் வருமா வராதா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் எலக்ட்ரீஷியன் கேட்டார். கேட்டது தன் அக்காவிடம்.

"எனக்குத் தலைவலிதான்டா வந்துச்சு. காசைக் கொடுத்து வெடிச்சத்தம் கேட்டுட்டு வந்திருக்கோம்," என்று அக்கா நாற்காலியில் சாய்ந்தாள்.

வீட்டில் இருந்த நாலு பேரும் மதியக் காட்சி பார்த்துவிட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தார்கள். விண்கப்பல் படம். பழைய படங்கள் ஐந்தும் எலக்ட்ரீஷியனுக்குத் தலைகீழ்ப் பாடம். இப்போது அதே கதையைப் புது நடிகர்களை வைத்து முதலிலிருந்து எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

"மூணாவது படத்துல கப்பலைக் காப்பாத்த உயிரையே விட்டாளே, சிவப்புத் தொப்பிக்காரி, அவ எங்க போனா? அவளைப் பத்தி ஒரு பேச்சு உண்டா? கேப்டன் பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே கப்பல் ஓட்டறான்!"

"அதான் சொன்னாங்களேப்பா," என்றாள் எட்டு வயது மகள் குருவி. "கப்பல் பழைய காலத்துக்குப் போச்சுல்ல, அதுல எல்லாம் மாறிடுச்சு. இது வேற கதை."

"வேற கதையாம், வேற கதை! அது தப்பிச்சுக்க ஒரு சாக்கு. எங்க தொழில்ல கன்டினியூட்டின்னு ஒண்ணு பார்ப்போம். ஒயரோட ரெண்டு முனையிலயும் மீட்டரை வச்சா, உள்ளே தொடர்பு இருந்தா பீப்னு கத்தும். நடுவுல அறுந்திருந்தா கத்தாது. இந்தப் படத்துல ரெண்டரை மணி நேரம் காதைத் தீட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பீப் வரல!"

"தியேட்டர்ல உங்க சத்தம்தாங்க வந்துச்சு. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தே அவருக்குக் கழுத்து சுளுக்கியிருக்கும்," என்று சமையலறையிலிருந்து மனைவி சிரித்தாள். டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. குருவிக்குச் சித்தி. பெற்ற அம்மா இறந்து மூன்று வருடம்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் கூடத்துச் சுவரிலேயே இருந்தது. போன தடவை, இந்தக் கல்யாணத்துக்கு முன்னால் வந்தபோது, அங்கே குருவியின் அம்மா படம் இருந்தது. படத்துக்கு மேலே ஒரு சின்ன விளக்கு, அதற்குத் தனி ஸ்விட்ச். தம்பி தன் கையால் மாட்டியது. இப்போது அங்கே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

குருவி ஸ்விட்ச் போர்டின் பக்கம் போனாள். கடைசிக் கட்டத்தை விரலால் அமுக்கினாள். ஒன்றும் எரியவில்லை. எரியாது. அது ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு ஓட்டையை மூட வைக்கிற வெற்றுத் துண்டு. டம்மி என்பார்கள். தெரிந்தும், வெளியே போய்விட்டு வந்தால் அவள் அதை ஒரு தடவை அமுக்காமல் இருப்பதில்லை.

அக்கா எழுந்தாள்.

"ஒரு போர்வை கொடும்மா. கொஞ்சம் கண்ணை மூடறேன்."

"என் பெட்டியில இருக்கு அண்ணி. எடுத்துக்குங்க, பூட்டல."

அறைக்குள் போன அக்கா போர்வையோடு வரவில்லை. பழைய துண்டில் சுற்றிய ஒரு படத்தோடு வந்தாள். துண்டை உருவினாள். குருவியின் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"அக்கா…" என்று எலக்ட்ரீஷியன் பாதி எழுந்தார்.

"நீ பேசாதேடா! எவனோ எழுதின கதையில செத்தவளுக்கு வக்காலத்து வாங்கிட்டு வந்திருக்க. உன் வீட்டுல வாழ்ந்து செத்தவ பெட்டிக்குள்ள கிடக்கா, அது உன் கண்ணுக்குத் தெரியல." அக்கா மறுபடி மனைவியின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, போனவளோட உனக்கு என்ன போட்டி? இந்தப் பிள்ளைக்குப் பெத்தவ முகமே மறந்து போகணுமா?"

"மறக்காது அண்ணி. குருவிக்குத் தோணும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பா. அதுக்குத்தான் பெட்டியைப் பூட்டறதில்லை."

"ஒளிஞ்சு ஒளிஞ்சு பார்க்க அவ என்ன திருடியா? சுவர்ல இருந்ததை எதுக்குக் கழட்டணும்?"

எலக்ட்ரீஷியன் மணி பார்ப்பதுபோல் கடிகாரத்தைப் பார்த்தார். குருவி அப்பாவைப் பார்த்தாள். அவள் விரல் இன்னும் டம்மி மேலேயே இருந்தது.

மனைவி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கணவரின் கருவிப் பையைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"ஏங்க, நான் வந்த அன்னிக்கு இந்தப் படம் உங்க அறுந்த ஒயர் மூட்டையில கிடந்துச்சு. துடைச்சு எடுத்துட்டு வந்து, மாட்டுங்கன்னு கேட்டேன். 'அது முடிஞ்சு போச்சு, இனிமே வேற கதை'ன்னு சொன்னீங்க."

அக்கா படத்தை மெதுவாக மேஜை மேல் வைத்தாள்.

"புதுசா வந்திருக்க… உனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னுதான்…" என்று எலக்ட்ரீஷியன் தரையைப் பார்த்துச் சொன்னார்.

மனைவி பைக்குள் கையை விட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்கு ஒரு சங்கடமும் இல்லீங்க. அந்த டம்மியைக் கழட்டிட்டு, குருவியோட அம்மா படத்தை மாட்டி, விளக்குக்கு ஸ்விட்ச்சைப் போடுங்க. அப்படியே மீட்டரையும் வச்சுப் பாருங்க, பீப் சத்தம் குருவிக்குக் கேட்கட்டும்."