தறிக்கூடத்துப் பேச்சு

"பேரு என்னப்பா?" என்று கேட்டார் மில் மேஸ்திரி முனிரத்தினம்.

"ஏழுமலைங்க," என்று தனக்கோடி முந்திக்கொண்டாள்.

"அவன் சொல்லட்டுமே!"

"கூச்ச சுபாவங்க மேஸ்திரி."

 உண்மையைச் சொன்ன இரண்டு இடங்களிலும் அவள் மகனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிரேசர் டவுன் பள்ளிக்கூடத்து ரூபி டீச்சர் அவனை அச்சாபீஸ், தையல் கடை, மில் என்று அழைத்துப்போய்க் காட்டி, எந்த வேலை பிடித்திருக்கிறது என்று கேட்டிருந்தார். அவன் மில்லைத்தான் கேட்டான். இந்த இரைச்சலிலும் பஞ்சுத் தூசியிலும் என்னத்தைக் கண்டானோ, அவளுக்கு விளங்கவில்லை.

மேஸ்திரி அவனை உள்ளே கூட்டிப்போனார். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார்.

"ஏம்மா, பையனுக்குக் காது கேக்காது, பேச வராதுன்னு ஏன் மறைச்சே?"

தனக்கோடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதே. உள்ள வந்து பாரு."

கதவைத் திறந்ததும் தறிகளின் சத்தம் காதை அடைத்தது. மேஸ்திரியின் உதடு அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. அங்கே யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அத்தனை பேரும் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் ஏழுமலை. ஒருவர் விரல் மடக்கி ஏதோ கேட்க, இவன் கையாலேயே பதில் சொல்ல, எதிர்த் தறிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மேஸ்திரி பக்கத்துத் தறியைத் தட்டி, இது அவனுக்கு என்று சைகை காட்டினார்.

தெருவில் பேச ஆளில்லாமல் எப்போதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. அவள் கையசைத்தாள். அவன் திரும்பவே இல்லை. பேச்சு அவ்வளவு மும்முரம்.