பெரிய சக்கரத்தின் தீனி

"இந்தக் காலத்துல எவனை நம்புறது? சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறான், திரும்பிப் பார்த்தா மடியில இருந்ததைக் காணோம்!"

பெரியவர் போட்ட சத்தத்தில் பட்டறையில் சுத்தியல் ஓசை நின்றது. வாசலில், மினி லாரியிலிருந்து இறக்கிய அவருடைய பேட்டரி வண்டி நின்றது. கோல்ஃப் மைதானத்தில் ஓடிக் களைத்த வண்டி. தன் செடிப் பண்ணையில் தொட்டிகளை ஏற்றிப் போக வாங்கியிருந்தார். போன மாதம் அதற்குப் பெரிய டயர் பூட்டி, லிஃப்ட் கிட் வைத்து ஒரு சாண் உயர்த்திக் கொடுத்தது இந்தப் பட்டறைதான்.

"என்ன ஐயா ஆச்சு?" கையைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் வந்தார்.

"என்ன ஆச்சா? என் பேட்டரியை உருவிக்கிட்டு, எவனோ தூக்கிப் போட்டதை மாட்டி அனுப்பியிருக்கே! காலையில குதிரை மாதிரி ஓடுது. மதியம் சாப்பிட்டு ஒரு கண் தூங்கி எழுந்தா, மேட்டுல பாதியிலேயே படுத்துக்குது. இன்னிக்கும் அதே கதை. இந்த வயசுல நான் இறங்கித் தள்ளணுமா?"

உள்ளேயிருந்து பட்டறை முதலாளி வந்தார். "திருட்டுன்னு ஆச்சுன்னா, இன்னியோட உனக்கு இங்க வேலை இல்லப்பா" என்றார் மெக்கானிக்கிடம்.

மெக்கானிக்கின் முகம் சுண்டிப் போனது. "ஐயா, பெரிய சக்கரம் ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகும். சமதரையில வேகம் கிடைக்கும். ஆனா மேட்டுல மோட்டார் மூச்சு வாங்கும். கரண்டை அள்ளிக் குடிக்கும். பூட்டும்போதே சொன்னேனே?"

"சொன்னே, சொன்னே. வண்டி உயரமாயிடுச்சு, வளைவுல மெதுவாத் திருப்புங்கன்னும் சொன்னே. பேட்டரியை மாத்தப் போறேன்னு மட்டும் சொல்லல!"

"உங்க பண்ணையில எல்லாம் சிமெண்ட் பாதையாச்சே. எதுக்கு இவ்வளவு பெரிய டயர்?" என்று கேட்டார் முதலாளி.

"இவளைக் கேளு!" பெரியவர் திரும்பாமலே கையை நீட்டினார். ஈரத் தலையை முடிந்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி. "உயரமா இருந்தாத்தான் மரியாதைன்னு ஒரு மாசம் என் காதைத் தின்னா. கடைசியில ஒரு நாள்கூட அதுல ஏறி உக்காரல. முட்டி வலியாம்!"

"வலிக்குதே, என்ன செய்ய?" என்று முட்டியை நீவிக்கொண்டாள் அவள்.

பெரியவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "உன் வேலை என்கிட்ட நடக்காது. இங்க விடுறதுக்கு முன்னாடியே ஆறு பேட்டரியிலயும் ஆணியால கீறி வெச்சேன். எடு வெளியில!"

மெக்கானிக் சீட்டைத் தூக்கி, ஒவ்வொன்றாக இறக்கினார். கனம் தோளை இழுத்தது. பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஆறிலும் கீறல் இருந்தது.

"கீறல் எவன் வேணா போடுவான்."

"ஏங்க, நாலாவது கீறல் கோணிக்கிட்டு நிக்குது பாருங்க. உங்க கை நடுங்கிச்சே அன்னிக்கு. கள்ளக் கீறல் போடுறவன் நடுக்கத்தையுமா போடுவான்?" என்றாள் மனைவி.

முதலாளி சிரித்துவிட்டார். "பொழைச்சே. போய் வேலையைப் பாரு" என்று உள்ளே போனார்.

பேட்டரிகளை மீட்டர் வைத்துப் பார்த்து மறுபடி மாட்டிய மெக்கானிக்குக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "ஐயா, இந்த டயர் கூடுதலாக் கால்வாசி சார்ஜைத் தின்னும். ஆனா பாதியில்ல காலியாகியிருக்கு. மதியத்துல யாராவது வண்டியை எடுக்கிறாங்களா?"

"யாரு எடுப்பா? சாவி என் தலைமாட்டுல. ஈ எறும்பு அண்டாது. பக்கத்துல இவ ஒருத்திதான்."

மெக்கானிக் குனிந்து டயர் இடுக்கில் விரலை விட்டார். மணல் உதிர்ந்தது. கூடவே ஒரு நத்தை ஓடு. "வண்டி ஆத்துப் பக்கம் போகுதா ஐயா?"

"ஆத்துல எனக்கென்ன வேலை? இவளுக்குத் தண்ணியே ஆகாது."

மனைவி இருமினாள். நல்ல பலமான இருமல். மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். மெதுவாகக் கையை மூடிக்கொண்டார்.

"எல்லாம் டயர் பண்ற வேலைதான் ஐயா. மதியம் நீங்க தூங்கும்போது சார்ஜ்ல போட்டுடுங்க."

"ஐயோ, வேண்டாம்!" என்றாள் மனைவி. "தூங்குற நேரத்துல தீப்பிடிச்சா?"

"பார்த்தியா? இவளுக்கு இருக்கிற புத்திகூட உனக்கு இல்ல."

"சரி ஐயா. நீங்க எழுந்ததும் ஒரு மணி நேரம் போடுங்க. அப்புறமா மேடு ஏறுங்க. இல்லேன்னா பழைய சின்னச் சக்கரத்தையே..."

"மாட்டுறேங்கிற சாக்குல மறுபடியும் பேட்டரியில கை வைப்பே! ஒண்ணும் வேண்டாம், இருக்கிறது இருக்கட்டும். நீ சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, லாரிக்காரரைக் கூப்பிட நடந்தார் பெரியவர்.

மனைவி எழுந்து மெக்கானிக் பக்கத்தில் வந்தாள். "நல்லா இருப்பே தம்பி. அந்தச் சின்னச் சக்கரம் ஆத்து மணல்ல புதைஞ்சு, ரெண்டு தடவை நானே தள்ளி எடுத்தேன். இப்பத்தான் தண்ணி ஓரம் வரைக்கும் ஓட்டிட்டுப் போயி, ஆசை தீர நீந்திட்டு, இவர் கண் முழிக்கிறதுக்குள்ள வந்து படுத்துக்க முடியுது."

"அங்க என்னடி பேச்சு? அந்த ஆளை நம்பாதே!" என்று தெருவிலிருந்து கத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார் பெரியவர்.