நான்காவது பெயர்

பதிவுத் திரையில் அலைபேசி எண் கேட்ட கட்டத்தில் செவிலியின் விரல் நின்றது.

எதிரே உட்கார்ந்திருந்தவள் ஆதார் அட்டையை மட்டும் நீட்டியிருந்தாள். மாரிக்கனி. வயது முப்பத்தாறு. தீப்பெட்டி ஆலையில் வேலை.

எண்ணைச் சொல்லவில்லை.

“எங்க வீட்டுல ஒரே போனுதான் சிஸ்டர். அது அவரு சட்டப்பையில கெடக்கு. ஊசி போட்டாச்சுன்னு மெசேஜ் போச்சுன்னா வீட்டுக்குள்ள விடமாட்டாரு. ஒங்க நம்பரப் போட்டுக்கிடுங்க.”

தடுப்பூசி முகாம் முடிய இன்னும் அரை மணி நேரம். வகுப்பறை வாசலில் யாருமில்லை. காலையிலிருந்து வந்தவர்கள் ஏழு பேர்.

“காய்ச்சல் வரும். கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“தலைக்கு ஊத்துனேன், சேரலன்னு சொல்லிக்கிடுவேன்.”

பிறகு கேட்காமலே சொன்னாள்.

“கொரோனாவுல போன எங்கக்காவப் பொட்டலமாக் கட்டிக் குடுத்தாங்க. மொகத்தப் பாக்கல.”

ஓர் எண்ணில் நான்கு பேரைத்தான் பதிய முடியும். செவிலியின் எண்ணில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். அவள், அம்மா, மாமியார்.

நான்காவது இடம் கணவருக்கு. அவராகப் பதியமாட்டார். தானே பதிந்து, நாள் குறித்து, பேச்சு கொடுத்துக்கொண்டே கூட்டி வந்துவிடலாம் என்று மூன்று மாதமாக அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தாள்.

அவர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். வாட்ஸப்பில் அவருக்கு ஒரு குரல்பதிவு வந்திருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள் என்றது. சாப்பிடும்போது அவளுக்கும் அதைப் போட்டுக் காட்டினார்.

அவள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள்.

அவர் சிரித்தார். “நீதான் போட்டுக்கிட்டியே. ரெண்டு வருஷம் பாப்போம்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு மோர் கேட்டார். ஊற்றினாள்.

முகாமுக்கு வருகிறவர்கள் பக்கவிளைவு பற்றி அதிகம் கேட்பதில்லை. ஒன்றுதான் கேட்பார்கள். ஒங்க வீட்டுக்காரரு போட்டுட்டாரா?

போட்டுட்டாரு.

இருநூறு தடவையாவது சொல்லியிருப்பாள். சொல்லும்போது கண் தாழ்வதில்லை. பெயரும் வயதும் சொல்வதுபோல அது பழகிவிட்டது.

தன் எண்ணை அடித்தாள். மாரிக்கனியின் பெயரைச் சேர்த்தாள்.

இடம் நிறைந்துவிட்டது.

அவள் எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

சிரிஞ்சில் மருந்தை ஏற்றினாள். பஞ்சை எடுத்தாள்.

“ஒங்க வீட்டுக்காரரு போட்டுட்டாரா சிஸ்டர்?”

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது.

“இல்ல.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

மாரிக்கனி ஊசியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும். அதில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. எழுந்து போய்விடலாம். போனால் கூப்பிட முடியாது. எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

மாரிக்கனி ரவிக்கைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினாள்.

“வெரசாப் போடுங்க. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும்ல.”