அமைச்சருக்குத் தெரியாத பெயர்

"அந்த டிவியை அணைச்சுத் தொலை, ஷாமா. அவங்க வர்ற நேரம்."

"அப்பா என்ன பதில் சொல்றார்னு பார்த்துட்டு அணைக்கிறேம்மா."

பதூல் தட்டில் தேநீர்க் குவளைகளை அடுக்கினாள். திரையைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. சபையில் அவள் கணவர் அப்துல்ஹக் கையில் காகிதங்களோடு நின்றிருந்தார். எதிரே, எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர்.

"மலைக் கிராமங்கள்ல தண்ணித் தொட்டி கட்டிட்டோம்னீங்க. போய்ப் பார்த்தேன். தொட்டி இருக்கு, குழாய் இல்லை. வெயிலுக்கு உள்ளே ஆடு படுத்திருக்கு. ஆட்டுக் கொட்டகைக்கா நாற்பது கோடி திர்ஹம்?"

சபை சிரித்தது. அப்துல்ஹக் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்தார்.

"குடிங்க, அமைச்சரே. இந்த நாட்டுல உங்களுக்காவது தண்ணி கிடைக்குதே."

மறுபடியும் சிரிப்பு. அவர் குடிக்காமலே குவளையைக் கீழே வைத்தார்.

"டெண்டர் எடுத்தது ஒருத்தர். பின்னால நின்னு பணத்தை வாங்கினது வேற யாரோ. அது யாரு? பேரைச் சொல்லுங்க, போதும்."

அப்துல்ஹக் காகிதங்களைப் புரட்டினார். முதலிலிருந்து மறுபடியும் புரட்டினார்.

"எனக்குத் தெரியாது."

"ஜனங்க பணத்தை யார் கையில குடுத்தோம்னே தெரியாதா? அப்ப ஒண்ணு நீங்க திருடரா இருக்கணும், இல்ல திறமையில்லாதவரா இருக்கணும். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

"தகவல் கேட்டிருக்கிறேன்" என்று முனகிவிட்டு உட்கார்ந்தார்.

ஷாமா டிவியை அணைத்தாள். "அப்பாவுக்கா தெரியாது? கறிக்கடைக்காரர் பேரனோட பேரு வரைக்கும் ஞாபகம் வெச்சிருப்பாரே!"

"அவ்வளவு பேருக்கு முன்னால நின்னா யாருக்கும் மறந்துடும்" என்றாள் பதூல். சொன்னது அவளுக்கே ஒட்டவில்லை.

அவர் திருடவில்லை என்று அவளுக்குத் தெரியும். திருடர் என்று மட்டும் திட்டியிருந்தால் யாரோடும் சண்டைக்கு நின்றிருப்பாள். ஆனால் அந்த முழிப்புக்கு என்ன சொல்லிச் சண்டை போடுவது? இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த மனிதரை ஊரோடு சேர்ந்து தானும் முட்டாள் என்று நினைத்த அந்த ஒரு கணம், அதுதான் அவளைக் கூசச் செய்தது. அவருக்காக ஒரு வெட்கம். அவரை நினைத்து வெட்கப்பட்டதற்காக இன்னொன்று.

அதுவும் இன்றைக்கா? ஷாமாவும் அனஸும் ஒருவரையொருவர் விரும்பி, பெரிய இடமான அனஸ் வீட்டார் இறங்கி வருவார்களா என்று வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். நேற்றுத்தான் அனஸின் அம்மா லல்லா ஸுபைதா திடீரென்று போன் செய்து, நாளைக்கே பெண் கேட்டு வருகிறோம் என்றாள். "நாளைக்கு அவர் சபையில இருப்பாரே" என்று பதூல் தயங்கினாள். "முதல்ல பொம்பளைங்கதானே வரணும்?" என்று ஸுபைதா சிரித்தாள்.

"அம்மா" ஜன்னலிலிருந்து ஷாமா மெல்லக் கூப்பிட்டாள். "அவங்க கார் வாசல்லதான் நிக்குது. யாரும் இறங்கலை."

பதூல் எட்டிப் பார்த்தாள். பின் இருக்கையில் ஸுபைதாவின் தலை குனிந்திருந்தது.

"பார்த்திருப்பாங்க" என்றாள் ஷாமா. "திரும்பிப் போகப் போறாங்க."

"போனா போகட்டும். நீ அழாதே, மை கரையும்."

பதூலுக்குத்தான் கண் கரித்தது.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்ததும் ஸுபைதா நாக்கைச் சுழற்றி வாசலே அதிரக் குலவையிட்டாள். பின்னால் டிரைவர், பெண் கேட்கும் சீராக, நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கூம்புகள் குவிந்த தட்டைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்.

"எங்கே என் மருமக? இப்படி ஒளிஞ்சு நின்னா எப்படி? வாடி, என் தங்கமே!"

முத்தங்கள், விசாரிப்புகள், பாதாம் இனிப்புகள். சபையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஷாமாவின் முகம் விளக்கேற்றியதுபோல் இருந்தது. அந்த வார்த்தை வராமலே இருக்க இருக்க, பதூல் நிறைந்த குவளையிலேயே மறுபடியும் தேநீர் ஊற்றினாள். கடைசியில் அவளாகவே சொல்லிவிட்டாள்.

"லல்லா ஸுபைதா, டிவி பார்த்திருப்பீங்க. இன்னைக்கு எங்க மானம் போயிடுச்சு. உங்க மனசு மாறியிருந்தா சொல்லிடுங்க. நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்."

"மாறுறதா?" ஸுபைதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கார்ல உட்கார்ந்து போன்ல கடைசி வரைக்கும் பார்த்துட்டுத்தானே இறங்கினேன்."

"பார்த்தப்புறமுமா சர்க்கரை கொண்டு வந்தீங்க? உங்க பெரிய மனசு யாருக்கு வரும்!" பதூல் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பெரிய மனசு உங்க வீட்டுக்காரருக்கு, பதூல். நேத்து எங்க வீட்டுக்காரர்கிட்ட வாக்குக் குடுத்தார், அப்படியே காப்பாத்திட்டார். அந்தம்மா என்ன குத்து குத்தினா! அவ்வளவுக்கும் எங்க குடும்பத்துப் பேரு அவர் வாயிலேருந்து வரலையே. பொண்ணுக்காக எந்த அப்பா இப்படித் தாங்குவார்? அவர் உட்கார்ந்தப்புறம்தான் டிரைவர்கிட்ட சர்க்கரையை இறக்குன்னு சொன்னேன்."

ஷாமாவின் கையிலிருந்த இனிப்பு வாய்க்குப் போகாமல் நின்றது. அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று பதூல் ஏங்கினாள்.